எல்லாவற்றுக்கும் ஐந்து மதிப்பெண்

விசைத்தறிச் சத்தம் எங்கே கேட்டாலும் என் கால் நின்றுவிடும். சடக், சடக் என்று அது நடக்கும், நான் நிற்பேன். இன்று பல்லடம் சாலையில் பேருந்து நின்ற இடத்தில் ஒரு தறிக்கொட்டகை. ஜன்னல் வழியாகச் சத்தம் மடியில் வந்து விழுந்ததும், போத்தனூரில் ஒரு மூன்றாம் மாடி வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

நாற்பத்தைந்து வயதில் உளவியல் முதுகலை சேர்ந்திருந்தேன். எதிலும் நிலைத்து உட்காராத பிறவி நான். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் ஆசைப்பட்டேன். எங்கள் துறையின் இசை உளவியல் ஆய்வகத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு மாணவருக்கு இடம் உண்டு. ஒரே இடம். சின்னதாக ஓர் ஆய்வு செய்து காட்டவேண்டும்.

என் ஆய்வு எளிது. மூன்று ஒலித்துண்டுகள்: ஒரு வீணை, ஒரு தாலாட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தறிச்சத்தம். ஹெட்போனில் கேட்டுவிட்டு, மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடவேண்டும். தறிக்கு ஒன்றுக்கு மேல் விழாது என்று நம்பினேன்.

ஓர் அடுக்குமாடியில் இருபது வீடு ஏறி இறங்கினேன். காபி, மோர், ஒரு வீட்டில் நெய் விட்ட ஒப்புட்டு. இருபது தாளிலும் மூன்றுக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து.

தாள்களைத் தரையில் பரப்பியபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான், எல்லாமே ஐந்தென்றால் ஆய்வே இல்லை என்று உறைத்தது. மறுநாள் மூன்றாம் மாடி அக்காவிடம் திரும்பப் போனேன். மகளின் படிப்புக்காகப் பள்ளிபாளையத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்.

“அக்கா, மெய்யாலுமே சொல்லுங்க. மூணுமே அஞ்சுங்களா?”

“ஏனுங்க அம்மணி, வெய்யில்ல மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ரெண்டு மார்க்குனு போட்டா நல்லாவா இருக்கும்?”

“அப்ப வீணைக்கு எத்தனைங்க?”

“ரெண்டுங்க. கொட்டாவியா வந்துச்சு. நீங்க வாசிச்சதோன்னு பயந்துபோட்டேன்.”

“தாலாட்டு?”

“ரெண்டரை.”

“தறி?”

சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அது அஞ்சேதானுங்க. ஊர்ல அவரு தறி ஓட்டறாரு. கல்யாணமான நாள்ல இருந்து தறிக்கு அடுத்த ரூம்புலதான் தூக்கம். கரண்ட் போய்த் தறி நின்னாத்தான் முழிப்பே வரும். இங்க தூக்கம் எங்கீங்க வருது? போன் போட்டா அவரு பேச்சு கேக்காது, தறிதான் கேக்கும். செத்த நேரம் அதைக் கேட்டுப்போட்டு வெச்சுருவேன்.”

ஹெட்போனுக்குக் கை நீட்டினார். கண்ணை மூடி மறுபடி கேட்டார். நான் இசையில்லை என்று ஒதுக்கியிருந்த சத்தத்தில் ஒரு மனிதர் முழுசாக இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஆய்வு கெட்டுப்போனதை மறைத்திருக்கலாம். மறைக்க மனம் வரவில்லை. இருபது வீட்டில் உபசாரம் வாங்கி வந்தேன், பதில் ஒரு வீட்டில்தான் கிடைத்தது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என்னைவிட இளையவரான பேராசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆனா ஒருத்தர் பதில வெச்சு எப்படிங்க இடம் தர்றது?”

அந்த ‘ரொம்ப நல்லா’வுக்கும் எத்தனை மார்க் என்று கேட்டிருக்க வேண்டும். இடம் வேறொரு மாணவிக்குப் போயிற்று. அன்று ரயிலடி வரை நடந்தேன், திரும்பி நடந்தேன், எங்கேயும் உட்கார முடியவில்லை.

அடுத்த வாரம் அக்காவின் போனில் அந்தத் தறிச்சத்தத்தை ஏற்றிக் கொடுக்கப் போனேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, இடம் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. படிக்கட்டு வரை கூடவே வந்தார்.

“எங்களாலதானுங்களா?”

“இல்லீங்க அக்கா. வாரேன்.”

“அடுத்த வாட்டி தைரியமா வாங்க அம்மணி. எல்லா ஊட்டுலயும் நான் சொல்லி வெக்கறேன், கம்மியாவே போடச் சொல்லி.”