அந்த மாளிகை யாருடையது

கரமனையில் எங்கள் தெரு மொத்தத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம், அத்தனை பெரிய மாளிகை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த புதிது. மாளிகைப் பெரியவர் காலமாகிப் பதினாறாம் நாள் சடங்கும் முடிந்திருந்தது. வீடு இனி யாருக்கு என்று பேச, வக்கீலான அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அடம்பிடித்து நானும் ஜட்காவில் ஏறிக்கொண்டேன்.

"அங்க வந்து ஏதாவது தொட்டே, தோலை உரிச்சுடுவேன்," என்றார் அப்பா.

தொடவா? மூச்சு விடவே பயமாக இருந்தது. முன்னால் பார்த்தால் வெள்ளைக்கார துரையின் பங்களா. உருண்டைத் தூண்களும் வளைவுகளுமாக நிற்கிறது. உள்ளே நுழைந்தால் ஓடு வேய்ந்த மலையாள நாலுகெட்டு வீடு, நடுமுற்றத்தில் மழைத் தண்ணீர். மாடிக்குப் போனாலோ நவாப்பின் கும்மட்டம், சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு ஊரைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறது போலும். ஆனாலும் என்ன அழகு, அடேயப்பா!

சுற்றிக் காட்டியது பெரியவரின் மகள். என் வயதுதான். "வா, ஞான் காட்டித் தராம்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். போகிற வழியில் ஒரு தூணைக்கூட விடாமல் தடவிக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

"இத்தனையும் இனிமே உன்னோடதுதானே? கொடுத்து வச்சவடி நீ!"

அவள் என் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பெரியவரின் தங்கை மகன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா கதவோரம் நின்றிருந்தாள். அப்பா அவளிடம் மெதுவாக என்னவோ சொன்னார். அவள் சரியென்று தலையாட்டினாள். தங்கை மகன் எழுந்து அப்பாவைக் கும்பிட்டார்.

திரும்பும்போது, "ஜெயிச்சுட்டேளா அப்பா?" என்று கேட்டேன்.

"ம்," என்றார்.

அன்று சாயந்திரம் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேன்: "எங்கப்பா அந்தப் பொண்ணுக்கு அரண்மனையையே மீட்டுக் குடுத்துட்டார்!" அம்மா மட்டும் வாசலுக்கு வந்து, "போறும், உள்ள வா," என்று அதட்டினாள். எதற்கு அதட்டுகிறாள் என்று எனக்குக் கோபமான கோபம்.

எங்கள் தெருவில் அப்பாவின் வீடு பிள்ளைகளுக்கு. அந்தக் குடும்பத்திலோ தாய்வழி முறை; மாமனின் வீடு தங்கை மகனுக்கு. போனவரின் மனைவியும் மகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதை அவர்களிடம் நயமாகச் சொல்வதற்குத்தான் அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது எங்கே தெரிந்தது?