ஒரு விரல் இடைவெளி

"உறுப்பினர் எவரும் எழுத்து மூலம் விடுக்கும் முறையீட்டுக்கு, அது உரியவாறு கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்கப்படல் வேண்டும்."

எமது உடற்பயிற்சிக் கழகத்தின் யாப்பு, பிரிவு பதினொன்று, உட்பிரிவு 'ஆ'. குறை சொல்ல முடியாத வசனம். எழுதியவன் நான்தான்.

ஓய்வு பெற்ற கையோடு இந்த யாப்பு என் தலையில் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் சுற்றறிக்கைகளோடு வாழ்ந்தவன் வேறு எதற்குப் பயன்படுவான் என்று நினைத்திருப்பார்கள். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கழகம். ரயில் போகும்போது எடைத் தட்டுகள் தாமாகவே கிணுகிணுக்கும். உப்புக் காற்றில், எடை தூக்கும் புதுப் பார் ஒரு வருடத்தில் துருவேறிவிடும். அங்கேதான் வாரம் இரண்டு நாள் பெஞ்சில் மல்லாந்து படுத்து, பாரை நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளுவேன். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய பழக்கம். இடையில் மனைவி, மக்கள், உயர் இரத்த அழுத்தம் எல்லாம் வந்தும் இது போகவில்லை.

என் பயிற்சித் தோழரைச் சந்தித்தது என் வீட்டுக்குப் பக்கத்தில் தொடர்மாடிக் கட்டடம் எழும்பிய காலத்தில். கொட்டாஞ்சேனைக்காரர். பெற்றோர் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். கட்டடங்களுக்குக் கம்பி வளைப்பது அவர் தொழில். என்னைவிட நாலைந்து வயது குறைவு. ஒருநாள் தேநீர் வேளையில், ஓர் ஆறு அங்குல ஆணியின் இரு முனைகளிலும் பழைய கன்வஸ் துணியைச் சுற்றி, நாடிக்குக் கீழே, நெஞ்சுக்கு நேரே பிடித்து, வெறுங்கையால் வளைத்துக்கொண்டிருந்தார். பல்கனியில் நின்றவன் படியிறங்கிப் போனேன்.

ஆணி பாதிக்கு மேல் வளைந்திருந்தது. இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் இரண்டு விரல் நுழையும்.

"இதுக்கு மேல மூடாதுங்க சேர்," என்றார். "ஆரம்பத்துக்கு மணிக்கட்டு போதும். கடைசியில நசுக்குறதுக்கு நெஞ்சு வேணும். எனக்கு அது இல்ல."

"என்னட்டை நெஞ்சு இருக்கு ஐசே. மணிக்கட்டுத்தான் அவிச்ச பயற்றங்காய்."

சிரித்தார். பிறகு ஆணியைப் பார்த்தபடி சொன்னார்: "முப்பது வருஷமா தடி போட்டு நெம்பித்தான் வளைச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணயாவது வெறுங்கையால முழுசா மூடிட்டு, அப்புறம் வேலைய விட்டுறணும்."

அப்படித்தான் எங்கள் ஒப்பந்தம் உருவானது. என் பரிந்துரையில் அவர் கழகத்தின் இணை உறுப்பினரானார். நான் அவருக்குப் பெஞ்ச் பிரஸ் பழக்குவது. அவர் எனக்கு ஆணி. கட்டடத்தில் வெட்டி எறியும் மெல்லிய கம்பித் துண்டுகளைக் கொண்டுவருவார். முதலில் நீளத் துண்டு, பிறகு கட்டை. நீளம் குறையக் குறைய இரும்புக்குத் திமிர் கூடும். இரண்டையும் ஒரே வாரத்துக்குள் அடக்குவது இலேசான காரியமல்ல என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டேன். ஒரு ஞாயிறு வீட்டில் ஆசையாக நாலு துண்டு வளைத்துவிட்டு, மறுநாள் பெஞ்சில் படுத்தேன். முன்கை பாரைப் பிடிக்க மறுத்தது. தொண்டைக்கு நேரே இறங்கிய பாரை அவர்தான் பிடித்து நிறுத்தினார்.

"சேர், கழுத்த வளைக்கிறதுக்கா வந்தோம்?"

அன்றைக்கே அட்டவணை ஒன்றைத் தட்டச்சு செய்தேன். திங்கள்: பாரமான பெஞ்ச், இரும்புத் துண்டைத் தொடவும் கூடாது. வியாழன்: இலேசான பெஞ்ச் மூன்று சுற்று, நெஞ்சுச் சூடு ஆறுமுன், பத்து நிமிடத்துக்குள், ஆணி. தனியாகப் பெஞ்ச் செய்வது எக்காரணம் கொண்டும் ஆகாது. கடைசி வரியின் கீழ் சிவப்புக் கோடு. ஐந்து மாதத்தில் என் பெஞ்ச் பத்துக் கிலோ ஏறியது. அவருடைய இரண்டு விரல் இடைவெளி ஒரு விரலானது.

ஒரு வியாழக்கிழமை நான் முகம் கழுவப் போயிருந்தேன். திரும்பி வரும்போது, ஆணியும் கையுமாக இருந்த அவர் முன்னால் கழகச் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். செயலாளருக்கு நாற்பது வயதிருக்கும், கணக்காளர், யாப்பின் பிரதி ஒன்றை எப்போதும் போனில் வைத்திருப்பவர்.

"இதென்ன வேலை? ஏழாம் பிரிவு வாசிக்கேல்லையோ?"

ஏழாம் பிரிவு: "மண்டபத்தினுள் இரும்பாலான எப்பொருளையும் வளைத்தலோ உருக்குலைத்தலோ ஆகாது, மீறுவோர் இடைநிறுத்தப்படுவர்." யாரோ புதுப் பாரை வளைத்துவிட்ட ஆத்திரத்தில் நான் எழுதியது. "கழகத்துக்குச் சொந்தமான" என்ற இரண்டு சொற்களை ஆத்திரம் விழுங்கிவிட்டது.

"நானும்தான் வளைக்கிறனான்," என்றேன்.

"நீங்கள் வளைச்சு நான் காணேல்லை, அங்கிள்."

இடைநிறுத்தம் அந்த நிமிடமே அமுலுக்கு வந்தது. என் தோழர் ஆணியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வெளிவாசலில் செருப்பைத் தேடினார்.

அன்றிரவே செயலாளருக்கு முறையீடு எழுதினேன். ஆணி கழகத்தின் உடைமையன்று. பிரிவின் நோக்கம் கழக உபகரணங்களைக் காப்பதே. இதை எழுதியவன் என்ற முறையில் நோக்கம் எனக்குத் தெரியும் என்று நாகரிகமாகக் குறிப்பிட்டேன். பதினான்கு நாட்கள் போயின. நினைவூட்டல் அனுப்பினேன். மேலும் ஒரு மாதம் போனது. செயலாளரோ வாரம் இரண்டு தரம் எனக்குப் பக்கத்து ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தார்.

"என்ர கடிதம் கிடைச்சதோ?"

"கிடைச்சது அங்கிள். ஃபைல்ல இருக்கு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஃபைலில் இருக்கும் ஒன்றைப் பற்றி நடைபாதையில் கதைப்பது நான் உத்தியோக காலத்தில் எவருக்கும் அனுமதிக்காத வழக்கம்.

போனில் கொட்டாஞ்சேனைக்காரர் சொன்னார்: "பக்கத்துலதானே நடக்குறாரு சேர். வாய் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்னா?"

"வாயால கேட்டா வாயால மறுப்பான். பதிவு இருக்காது ஐசே."

"சரிங்க. பதிவு இருக்கட்டும்," என்றார்.

இதற்கிடையில், அவர் வளைக்கும் புது ஆணிகளில் ஒரு விரல் மறுபடி இரண்டு விரலாகிக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுப் பின்புறத்துக்கு ஒருமுறை போனேன். இரண்டு பெயின்ட் வாளிகளில் சீமெந்து நிரப்பி, குழாயொன்றின் இரு முனைகளிலும் இறுக்கியிருந்தார். அதற்குக் கீழே சாரப் பலகை. அதுதான் பெஞ்ச்.

"தனியாச் செய்யக் கூடாது எண்டு எழுதித் தந்தனான்."

"தனியா இல்லீங்க சேர். ரேடியோ இருக்கு."

வியாழக்கிழமைகளில் நான் பஸ் ஏறி அங்கே போய், அவர் தலைமாட்டில் நின்றிருக்கலாம். பம்பலப்பிட்டி நெரிசலோடு சேர்த்தும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. நான் அந்த வியாழக்கிழமைகளில் இரண்டாவது நினைவூட்டலையும், மூன்றாவதையும், இணைப்புகளோடு தயாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தனியாகத் தள்ளும்போது குழாய் நழுவியது. அவர் மேல் விழவில்லை. விழாமல் தடுக்க ஒற்றைக் கையால் முறுக்கித் தள்ளியிருக்கிறார். அக்குளுக்குப் பக்கத்தில் நெஞ்சுத் தசை கிழிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இந்த வருடம் பாரம் எதையும் தள்ள முடியாது, அடுத்த வருடத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார் வைத்தியர். மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பேசியிருந்த கம்பி வேலையும் வேறொருவருக்குப் போயிற்று.

"மூட முடியாமலே வேலைய விட்டாச்சு சேர்," என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பது வலித்தது.

மறுநாள் ட்ரெட்மில்லின் சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். செயலாளர் தடுமாறி நின்றார்.

"ஏன் ஐசே பதில் இல்லை? நிர்வாகக் குழு கூடேல்லையோ?"

"குழு ரெண்டு தரம் கூடினது அங்கிள். ஆனா கடிதம் எனக்கெல்லோ எழுதியிருக்கிறியள். இடைநிறுத்தத்துக்கு எதிரான முறையீடு தலைவருக்கு எழுத வேணும். பன்னிரண்டாம் பிரிவு. பிழையான விலாசத்துக்கு வந்ததை நான் எப்படிக் குழுவுக்கு வைக்கிறது?"

பன்னிரண்டாம் பிரிவு எனக்கு ஞாபகம் வந்தது. செயலாளர் தன் முடிவை எதிர்க்கும் முறையீட்டைத் தானே விசாரிக்கக் கூடாது என்று, நேர்மையைக் கருதி நான் சேர்த்தது.

"அதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் கடிதம் கிடைச்சதோ எண்டுதானே கேட்டனீங்கள்."

அவர் முகத்தில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். என்னிடம் பயிற்சி பெற்ற எழுதுவினைஞர்கள் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நானும் அவர்களைப் பாராட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து விலாசத்தில் ஒரு சொல்லை மாற்றினேன். மற்ற வசனங்களில் கை வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உறுப்பினர் சொந்த ஆணியை வளைப்பதற்குத் தடையில்லை. இடைநிறுத்தம் நீக்கப்படுகிறது. ஒன்பதாம் பிரிவின்படி, பாரம் தூக்கத் தகுதியானவர் என்ற வைத்திய அத்தாட்சியை அவர் சமர்ப்பித்தல் வேண்டும். ஒன்பதாம் பிரிவும் என் கைவண்ணம்தான்.

கடிதத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மற்றக் கையால் கடிதத்தை வாங்கி மெதுவாக வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க சேர்," என்று திருப்பித் தந்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து, அன்று கழகத்தில் பையில் வைத்துக்கொண்ட அந்த ஆணியை எடுத்து என் மடியில் வைத்தார். "நீங்க மூடிப் பாருங்க. நெஞ்சு ஒங்ககிட்டதானே இருக்கு."

துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்தேன். ஆணி அசையவில்லை. இடைவெளியில் என் சுட்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

ஓய்வுபெறும்போது கந்தோரிலிருந்து கொண்டுவந்த திகதி முத்திரை ஒன்று என் மேசையில் இருக்கிறது. வீடு திரும்பியதும் கடிதத்தின் வலது மூலையில் அதைக் குத்தி, கோப்பில் சேர்த்தேன். பதினான்கு நாளுக்குள் வந்த பதில். விதி எதுவும் மீறப்படவில்லை. கிடைத்த நாள், வெசாக் போயா என்னும் பௌர்ணமி விடுமுறைக்கு முந்திய வியாழக்கிழமை.