வீட்டுக்குள் ஒரு தேங்க்ஸ்

எண்பதுகளின் கடைசி. மரக்காணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நூர்ஜகானின் கணவர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அவள் டீ கொடுத்தால்கூட “தேங்க்ஸ்” என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். என்னோடு உப்பளத்தில் சேர்ந்து உழைக்கிற என் கணவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு மாலை, உப்புத்தண்ணீரில் வெடித்திருந்த என் பாதங்களுக்கு அவர் வாசலில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவினார். வேண்டுமென்றே, “தேங்க்ஸுங்க” என்றேன்.

அவர் பதறிப்போய்க் கையை எடுத்தார். “இன்னாடி, எம்மேல கோவமா?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த நூர்ஜகான் சொன்னாள்: “குடுத்து வெச்சவங்க நீங்க, அக்கா. எங்க வூட்டுக்காரரு விருந்தாளி மாதிரியே பேசுறாரு. விருந்தாளி மாதிரியே கிளம்பிடுவாரு.”

அவள் பார்வை என் பாதங்களை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. அத்தனை நாளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவள் வீட்டைப் பார்த்த பார்வைதான் அது.