கடிதப்பெட்டியில் மகேஸ்வரியின் பெயர்

இந்த நாட்டில் நீங்கள் ஒரு வீட்டில் குடியிருக்கிறீர்களா என்பதைக் கடிதப்பெட்டியில் ஒட்டிய பெயர்தான் முடிவு செய்கிறது. பெயர் இல்லையென்றால், வாசலில் நின்று கைகாட்டினாலும் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். எம்மன்புரூக்கே என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு மகேஸ்வரி குடிவந்த அன்று, கட்டடப் பராமரிப்பாளர் அடிமட்டத்தோடு வந்து, என் பெயருக்குக் கீழே அவளுடைய பெயரை அளந்து ஒட்டினார். ஒரு மில்லிமீற்றர் சரிந்திருந்தால் நாடே சரிந்திருக்கும்.

மகேஸ்வரி திருநெல்வேலிப் பிள்ளை. அந்த வெயிலில் பிறந்து, ஏரித் தண்ணீரால் கட்டடங்களைச் சூடாக்கும் படிப்பில் இங்கே மாஸ்டர் பட்டம் எடுத்தவள். பட்டத்தோடு அரசாங்கம் ஆறு மாதமும் கொடுத்தது. அதற்குள் படிப்புக்கேற்ற வேலை தேட வேண்டும்; இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். கிடைக்கும்வரை வாரத்துக்குப் பதினைந்து மணித்தியாலம் வேலை செய்யலாம். ஆகவே எங்கள் மாஸ்டர் பட்டதாரி உணவகத்தில் கோப்பை கழுவினாள். ஒரு கொம்பனி வேலை தர முன்வந்தாலும் போதாது. இவளுடைய படிப்பால் நாட்டுக்குப் பெரும் பயன் என்று அது குடிவரவு அலுவலகத்துக்கு எழுதி நிறுவவும் வேண்டும்.

முப்பது வருடத்துக்கு முன் நான் அகதியாக வந்தபோது என்னிடம் ஒரு சான்றிதழும் இருக்கவில்லை. “என்ன தெரியும்?” என்று தொழிற்சாலை மேற்பார்வையாளர் கேட்டார். தெரிந்த நாலு ஜேர்மன் சொல்லைக் கூட்டி, எந்த வேலையும் செய்வேன் என்றேன். அன்றே கையுறை தந்தார். வீடு, பிள்ளைகள், இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு எல்லாம் அந்த ஒரு வசனத்தின் பின்னால் வந்தவை. ஐந்தாம் மாதத்தில் டீட்டிகோன் ஊரிலுள்ள கொம்பனி ஒன்று அவளை நேர்முகத்துக்கு அழைத்தபோது நான் சும்மா இருப்பேனா?

“பிள்ளை, படிப்பைக் காட்டி நிமிந்து நிண்டு கதையாதை. எந்த வேலை எண்டாலும் செய்வன் எண்டு சொல்லு. வெள்ளையளுக்குப் பணிவு பிடிக்கும்.”

“சரிண்ணா, அப்படியே சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டாள். “நேர்முகம் எடுத்தவரு சிரிச்சாருண்ணா, எழுதிக்கூட வச்சுக்கிட்டாரு” என்று துள்ளிக்கொண்டு வந்தாள். மனைவி கேசரி கிண்டினாள்.

இரண்டு கிழமை கழித்து அந்த மனிதர் தொலைபேசியில் வந்தார்; ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். நல்ல மனிதர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “எந்த வேலையும் செய்யக்கூடிய ஒருவர் இந்த வேலைக்கு அவசியம் என்று குடிவரவு அலுவலகத்துக்கு நாங்கள் எப்படி எழுதுவது?”

“அது மரியாதைக்காகச் சொன்னது” என்றாள் மகேஸ்வரி, நல்ல ஜேர்மனில்.

அவர் கேட்டார்: “அப்படியானால், அது உண்மை இல்லையா?”

அவள் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

“என்ரை பிழை, பிள்ளை” என்றேன்.

“விடுங்கண்ணா. நீங்களும் மாஸ்டர் படிச்சுட்டு வந்திருந்தா, உங்களையும் அப்பவே அனுப்பியிருப்பாங்க.”

ஆறாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவள் விமானம் ஏறினாள். ஏரியைக் கொண்டு வீடு சூடாக்கத் தெரிந்தவளை நாற்பது பாகை வெயிலுக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியாயிற்று. கொம்பனி இன்னும் அதே வேலைக்கு ஆள் தேடுகிறது. விளம்பரத்தை நானே பார்த்தேன்.

போன கிழமை பராமரிப்பாளர் வந்து, இங்கே இல்லாதவரின் பெயர் இருக்கக்கூடாது என்றார். ஊரில், அரியாலையில், நான் இல்லாத வீட்டு வாசல் கேற்றில் முப்பது வருடமாக என் பெயர் இருப்பதை அவருக்குச் சொல்லவில்லை. “ஓம்” என்று சொல்லிவிட்டு நகத்தால் உரித்தேன். பாதிப் பெயர் என் விரலோடு வந்தது. மற்றப் பாதி பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு, அனுமதி எதுவுமின்றி இன்னும் இந்த நாட்டில் இருக்கிறது.