ஆஸ்பத்திரியில் கூறிய அரபி ஏலம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். சென்னையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில், நான் வாயைத் திறந்ததால் ஒரு மாடி முழுக்க ஆள் கூடிய கதை இது.

அப்போது நான் காசிமேட்டில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்பே போய் ஐஸ் தண்ணீரில் நின்றால், வெயில் ஏறிய பிறகுதான் வீடு. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறி என் குதிகாலெல்லாம் வெடிப்பு, விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். தடவாத களிம்பு இல்லை. என் ஆசையெல்லாம் ஒன்றுதான்: காலில் ஈரம் படாத ஒரு வேலை. மேலே ஃபேன் சுற்ற வேண்டும், கீழே நாற்காலி இருக்க வேண்டும். சம்பளம்கூட அப்புறம்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் என் சித்தி மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். ஓமனிலிருந்து நிறையப் பேர் வைத்தியத்துக்கு வருகிறார்களாம், அரபி பேசத் தெரிந்த பெண்கள் கிடைக்கவில்லையாம். உடனே வண்ணாரப்பேட்டையில், வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்காக நடக்கும் சாயங்கால வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன். பன்னிரண்டாவது பாஸ் பண்ணிய திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

டீச்சர் என்னைவிடச் சின்னப் பெண். அரபியில் பெரும்பாலான வார்த்தைகளுக்கு மூன்று ஓசைதான் வேர் என்றாள். க, த, ப மூன்றும் சேர்ந்தால் அது எழுதுகிற சங்கதி. எழுதுகிறவன் காதிப், எழுதியது மக்தூப், எழுதும் இடம் மக்தப். அதே அச்சில் வேறு மூன்று ஓசையை ஊற்றினால் சமைக்கிறவன் தாபிக், சமைத்தது மத்பூக், சமையலறை மத்பக். நடு ஓசையை அழுத்தி இழுத்தால், அதையே தொழிலாகச் செய்கிறவர். ரொட்டி சுடுகிறவர் கப்பாஸ். வகுப்பில் கேட்கும்போது எல்லாம் புரிந்தது. பஸ் ராயபுரம் வருவதற்குள் எல்லாம் மறந்தது.

ஒருநாள் நண்டுக் குவியலுக்கு முன்னால் நின்று விலை கூறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஏலமும் இதே மாதிரிதானே! விலை மாறும், மெட்டு மாறாது. அன்றைக்கே காதிப், மக்தூப், மக்தப்பை ஏல ராகத்தில், கையை வீசி, மூச்சு விடாமல் சொல்லிப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது பாருங்கள், பிறகு போகவே இல்லை. சமைக்கும்போதும் அரபி, துவைக்கும்போதும் அரபி.

படகு என்ஜின் பழுது பார்க்கும் என் வீட்டுக்காரர் தட்டோடு வந்து நின்றார். “இன்னாம்மே, சோறு போடுவியா, அதையும் ஏலம் கூறிகினு இருப்பியா?”

பக்கத்து வீட்டுக்காரிக்கு என் நிலைமை அதைவிட மோசமாகத் தெரிந்திருக்கிறது. கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து, நான் தடுப்பதற்குள் நெற்றியில் அப்பிவிட்டாள்.

ஒரே ஒரு கோளாறு. ராகமும் கையும் இல்லாமல் என் வாயில் ஒரு வார்த்தை வராது. அது டீச்சருக்கும் தெரியும். நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள், “அக்கா, அங்க போய் கத்திடாதீங்க. மெதுவா பேசுங்க, கைய ஆட்டாதீங்க” என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். கால் வெடிப்பு தெரியக்கூடாது என்று எம்.சி. ரோட்டில் சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பட்டுப்புடவைக்குக் கீழே சாக்ஸும் செருப்பும். அந்தக் கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மேனேஜர் என்னை நேராக ஒரு வார்டுக்குக் கூட்டிப் போனார். கட்டிலில் வயதான ஓமன் நாட்டு அம்மா, இடது கையில் மாவுக்கட்டு. முன்னால் ஆறிப்போன உப்புமா. நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் போட முடியவில்லை, காரணமும் தெரியவில்லை என்றார். எனக்கு முன்னால் இன்டர்வியூவுக்கு வந்த கோட்டுப் போட்ட பெண் பேசிப் பார்த்தாளாம், அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நர்ஸ் செல்போனை அரபி பேச வைத்தாளாம். அதையும் கவிழ்த்து வைத்துவிட்டாராம்.

“இவங்களைச் சாப்பிட வைங்க. அதுதான் இன்டர்வியூ” என்றார் மேனேஜர்.

டீச்சர் சொன்னபடி கையை மடக்கி, மெதுவாக ஆரம்பித்தேன். காற்றுதான் வந்தது. சாப்பாட்டுக்கு அரபியில் என்ன? மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். என் ஃபேனும் நாற்காலியும் கண்ணெதிரே பறந்துபோவது தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் என் வலது கை, என்னைக் கேட்காமலே, இடுப்புக்குப் பக்கத்தில் மெல்ல வீச ஆரம்பித்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நல்ல கையிலிருந்த மோதிரத்தால் கட்டில் கம்பியில் டக், டக், டக் என்று தட்டினார். அசல் ஏலத் தாளம்!

அவ்வளவுதான், காசிமேடு வாயைத் திறந்தது. “ஆகில்! மஃகூல்! மஃகல்!” சாப்பிடுகிறவர், சாப்பாடு, சாப்பிடும் இடம் என்று அவரையும் தட்டையும் மேசையையும் காட்டிக் கூவினேன். உப்புமாத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி “வாஹித்! இஸ்னைன்! தலாதா!” என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஏலத்துக்கே விட்டுவிட்டேன். கேட்பார் யாருமில்லை. அந்த அம்மா மூக்கைச் சுளித்து, அதே ராகத்தில் திருப்பிக் கத்தினார்: “சமக்! சமக்!”

சமக் என்றால் மீன். விஷயம் அவ்வளவுதான்! நேற்றிலிருந்து அவருக்கு வேண்டியிருந்தது மீன்.

நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, என்னைக் காட்டி எல்லோரிடமும் “தல்லாலா! தல்லாலா!” என்றார். டீச்சர் சொல்லித் தராத வார்த்தை. ஆனால் நடு ஓசை அழுந்தி இழுபட்டதே, அப்படியென்றால் தொழில்காரி. என் தொழில் என்ன? ஏலக்காரி என்கிறார்! யாரும் அர்த்தம் சொல்லாமல் எனக்குப் புரிந்த முதல் அரபி வார்த்தை அதுதான். உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

கேன்டீனிலிருந்து வறுத்த மீன் வந்தது. சாப்பிட்டார், மாத்திரை போட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சத்தம் போடக்கூடாது என்று மேனேஜர் நிபந்தனை போட்டார், கேன்டீன் மீன் வேண்டாம், புது மீன்தான் வேண்டும் என்று அந்த அம்மா நிபந்தனை போட்டார்.

ஆக, காலில் ஈரம் படாத வேலையின் முதல் நாள், விடியற்காலையில் நான் நின்ற இடம் அதே காசிமேடு, அதே ஐஸ் தண்ணீர். இந்தத் தடவை வஞ்சிரம் ஏலம் கேட்கிற பக்கம். “இன்னா டாக்டரம்மா, வெலய ஏத்திக் கேளு!” என்று என் கூட்டாளிகள் ஓட்டித் தள்ளினார்கள்.

சமைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். சாக்ஸ் போட நேரமில்லை. வார்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள், மேலே ஃபேனும் சுற்றியது. நான் உட்கார்ந்து, வெடித்த காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, போர்வைக்குள்ளிருந்து தன் காலை நீட்டினார். குதிகால் முழுக்க வெடிப்பு, உப்புத் தண்ணீர் வெடிப்பு. தன் மார்பைத் தட்டி, “தல்லாலா” என்றார்.

என் சாக்ஸ் இப்போது வீட்டுக்காரர் ஸ்பேனர் துடைக்க உதவுகிறது. ஆஸ்பத்திரிக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும், எந்தக் கையையும் எந்தக் காலையும் மறைத்தால்தான் நாற்காலி கிடைக்கும் என்று நம்பினேனோ, அந்தக் கையைப் பார்த்துத்தான் ஒரு முன்பின் தெரியாத அம்மா எனக்காகக் கம்பியில் தாளம் போட்டார், அந்தக் காலைப் பார்த்துத்தான் தன் காலை நீட்டினார் என்று நினைத்துக்கொண்டேதான் படியேறுகிறேன்.