இரண்டு ஊட்டுக் கமலாத்தாள்

கமலாத்தாளுக்கு இரண்டு ஊடு. இரண்டும் போனுக்குள் இருக்கின்றன.

எல்லாம் அவள் செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் வந்தது. எட்டு மாதச் சினை. எங்காவது குழியில் விழுந்தால் கன்றும் போச்சு. மீனாட்சிபுரம் முழுக்க இரண்டு நாள் தேடிவிட்டு, பால் சொசைட்டியில் கம்ப்யூட்டர் பார்க்கும் மோகனசுந்தரத்திடம் போய் நின்றாள்.

ஆட்கள் படமும் சேதியும் போடும் ஒரு வலைத்தளத்தில் அவன் ஊருக்கென்று ஒரு சர்வர் நடத்துகிறான். அந்த வலைத்தளத்துக்கு ஒற்றை முதலாளி கிடையாது. யாரும் தனி சர்வர் வைக்கலாம், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சர்வர் என்றால் யாருக்கும் புரியாதென்று, வீட்டை ஊரார் சொல்கிறபடி திரையில் ‘ஊடு’ என்றே எழுதி வைத்திருந்தான்.

“மாட்டுப் படத்தை நேத்தே போட்டனே தம்பி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் பாக்கலியா?”

“அந்தப் பக்கத்து ஆளுக எல்லாம் தோப்புக்காரரு கந்தப்பன் ஊடுங்கக்கா. எட்டு மாசமா அங்கயும் இங்கயும் கதவு சாத்தியிருக்குது. இங்க போடறது அங்க தெரியாது, அங்க போடறது இங்க வராது.”

“ஏனாம்?”

“கண்ணு தெரியாதவங்களுக்காகப் படத்துக்கு அடியில விவரம் எழுதோணும், அது நம்மூட்டுச் சட்டம். அவரு தேங்காயைப் படம் போட்டு ‘தேங்காய்’னு எழுதினாருங்க. இதெல்லாம் ஒரு விவரமான்னு கேட்டேன். கோவிச்சுட்டுப் போய்த் தனி ஊடு கட்டிட்டாரு.”

“செனை மாட்டைக் காணோம், உங்களுக்குத் தேங்காய்ச் சண்டை! தொறங்க கதவை.”

“மொதல்ல அவரு தொறக்கட்டுங்க.”

கமலாத்தாள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்துக் கந்தப்பன் ஊட்டிலும் சேர இடம் கேட்டாள். ‘சேர விரும்பும் காரணம்’ என்றொரு கட்டம் வந்தது. எழுதினாள்: “செவலை மாடு தேடி வந்தேன். வலது கொம்பு மடங்கியது. கூப்பிட்டால் வராது, புண்ணாக்கைக் காட்டினால் வரும். கிடைத்ததும் போய்விடுவேன்.”

கால் மணி நேரத்தில் கந்தப்பனிடமிருந்து பதில் வந்தது: “எங்க தோப்புலதானுங்க சொகமா நிக்குது. யாரு மாடுன்னு கேட்டு நேத்துலிருந்து மோகனசுந்தரத்துக்கு எழுதறேன், போய்ச் சேரவே மாட்டேங்குது. போன் பண்ண மனசு வரலீங்க.”

எட்டிப் படித்த மோகனசுந்தரத்துக்குக் காது சிவந்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் கதவைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் திறந்து ஒரு படம் வந்தது. அடியில் விவரம்: “பதினோரு வாழைக்கன்று நின்ற இடம். நடுவில் செவலை மாடு. வாயில் பன்னிரண்டாவது கன்று. முகத்தில் வெட்கம் துளியும் இல்லை.”

“விவரம் நல்லா இருக்குதுங்க” என்று மோகனசுந்தரம் பதில் போட்டான்.

கமலாத்தாள் அதற்குள் புண்ணாக்குப் பையோடு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியிருந்தாள்.

போய்விடுவேன் என்று எழுதிக் கொடுத்தவள் போகவில்லை. அடுத்த மாதம் செவலை ஈன்றதும் கன்றின் படத்தை இரண்டு ஊட்டிலும் போட்டாள். அடியில் ‘கன்று’ என்று எழுதினாள்.

இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் கேட்டார்கள்: “இதெல்லாம் ஒரு விவரமாக்கா?”