இரண்டு வருட விறகு

ஸ்கீவ என்ற டேனிஷ் சிறுநகருக்குப் பக்கத்தில், வயலும் காடும் சூழ்ந்த ஓர் ஆற்றோரக் கிராமத்துக்கு நாங்கள் வாடகைக்கு வந்த முதல் குளிர்காலம். காட்டில் மரம் வெட்டும் பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் நிறைய விறகு கொண்டுவந்து இறக்கினார். விறகு தந்தால் எரிப்பதுதானே? அன்றே அடுப்பில் வைத்தேன். வீடெல்லாம் புகை. அவர் ஓடிவந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

“இது பச்சை மரம். காய இரண்டு வருடமாகும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக வாடகை வீடுகளில் மாறி மாறி இருக்கிறேன். அடுத்த குளிருக்கு எங்கே இருப்பேன் என்றே தெரியாதவனுக்கு இரண்டு வருட விறகா?

அவர் போனதும், மனைவி கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்: “நாங்கள் இஞ்சைதான் இருப்பம் எண்டு அந்த மனுசன் நினைச்சிட்டுது.”

மிச்ச விறகைக் காற்றுப் படும்படி அன்று பின்னேரமே அடுக்கினேன்.